மரியம் பீவி எதிர் வள்ளி

செண்பகனூரைத் தாண்டி மேலே ஏறுகிற சாலையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். வழக்குப் போடத் தெரிந்தவர்கள் ஐநூறு பேர் ஒரே வளாகத்தில் இருக்கும்போது பெயரைச் சொல்வது விவேகமல்ல. அதன் நுழைவு வளைவில் ‘உண்மை, நியாயம், சேவை’ என்று பள்ளியின் மூன்று விழுமியங்கள் ஆள் உயர எழுத்தில் இருக்கும். பனி இறங்கும் நாட்களில் மூன்றுமே கண்ணுக்குத் தெரியாது. அந்த நாட்களிலும் வகுப்புகள் தடையின்றி நடப்பதை நிர்வாகத்தின் திறமை என்றுதான் சொல்ல வேண்டும்.

வளைவுக்கு நேர் எதிரே, பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான இடத்தில், பத்துக்குப் பத்து அறையில் இருக்கிறது ‘அல்மாஸ் ஜெராக்ஸ்’. அதை நடத்துபவர் அப்துல் சலாம், வயது ஐம்பத்தைந்து. பள்ளியின் ஆராய்ச்சித் துறைக்கு முறைப்படி ஒரு தலைவர் உண்டு. ஆனால் ஆராய்ச்சி மொத்தமும் கடந்து போவது சலாமின் ஜெராக்ஸ் கண்ணாடி வழியாகத்தான். ஒரே ஆய்வேடு எத்தனை முறை அட்டை மாற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சொல்ல மாட்டார். டாக்டர்களைப் போல ஜெராக்ஸ்காரர்களுக்கும் தொழில் ரகசியம் உண்டு.

மாணவர்களுக்கான வாய்ப்புகளும் அவர் வழியாகத்தான் போகும். வெளிநாட்டில் ஒரு மாதப் பயிற்சி, தலைநகரில் மாதிரி நீதிமன்றப் போட்டி, உயர் நீதிமன்றத்தில் உதவியாளர் பணி என்று அறிவிப்புகளை நாற்பது நகல் எடுத்துக் கொடுப்பார். கொடுக்கும்போதே, “இதுக்குக் கடைசித் தேதி போன மாசம் பதினெட்டு, பரவாயில்லையா?” என்று கேட்பார். பரவாயில்லை என்பார்கள். வாய்ப்பு இருக்கிறது என்று காட்டுவதுதான் அறிவிப்புப் பலகையின் வேலை. மாணவர் அதைப் பிடித்துவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சலாம் சட்டம் படித்தவர் அல்ல. படிக்க ஆசைப்பட்டவரும் அல்ல. அந்த மலையில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. அவருடைய வாப்பா கொடைக்கானல் கடைவீதியில் சுவெட்டர் விற்றார். சலாம் வத்தலக்குண்டுக்குப் போய்த் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு உயர்நிலை தேறினார், ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்தார், 2005இல் சட்டப் பள்ளி வந்ததும் மதுரையில் ஒரு பழைய ஜெராக்ஸ் மிஷினை வாங்கி மேலே ஏற்றினார். மாணவர்கள் கையால் எழுதி வரும் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கறுப்பு அட்டை போட்டுக் கட்டிக் கொடுப்பதுதான் முக்கியத் தொழில்.

இந்தத் தொழிலில் அவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. காலியாக விட்ட இடத்தை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. சட்டப் பிரிவின் எண் விட்டுப்போயிருந்தால் புத்தகத்தைப் பார்த்துப் போடுவார். முடிவுரை இல்லாவிட்டால் முன்னுரையைத் திருப்பிப் போட்டு முடிவுரை ஆக்குவார். மாணவர்களும் இதை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, “மிச்சத்த நீங்களே பாத்துக்கங்க, பாய்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இப்படிப் பட்டம் வாங்கி இன்று கறுப்பு அங்கியோடு நடமாடுகிறவர்கள் திண்டுக்கல், தேனி, மதுரை மாவட்டங்களில் கணிசம்.

2010இல் பள்ளியின் முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டில் இருந்தார்கள். அவர்களில் கோகுல்ராஜ் என்பவன் எழுதிய ஆய்வேடு வசதியுரிமை பற்றியது. அதாவது, அடுத்தவன் நிலத்தின் மேல் நமக்கு வழி, தண்ணீர், வெளிச்சம் என்று எந்த அளவு உரிமை உண்டு என்பது பற்றியது. சமர்ப்பிக்க ஒரு மணி நேரம் இருந்தபோது சலாம் பார்த்தார்: ‘மலைப்பகுதிகளில் வெயிலைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை நீதிமன்றமும் ஏற்றுள்ளது’ என்று ஒரு வரி. அதன் தலையில் 41 என்று அடிக்குறிப்பு எண். அடியில் 41 இருந்தது, குறிப்பு இல்லை.

“தம்பி, நாப்பத்தொண்ணுல ஒண்ணுமே இல்லியே?”

“எங்கயோ படிச்சேன் பாய், இப்ப ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. எதையாவது போட்டுருங்க. வெரசா, பாய்!”

சலாமின் கை தட்டச்சுப் பலகையின் மேல் நின்றது. அந்த வருடம் அவர் தலைக்குள் ஒரே ஒரு வெயில்தான் இருந்தது.

அவருக்கும் மரியம் பீவிக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, முந்தைய ஆண்டுதான் அல்மாஸ் பிறந்திருந்தாள். ஏழாம் மாதத்தில், ஒரு கைக்குள் அடங்கும் அளவில் பிறந்தாள். கடைப் பலகையில் பெயர் மாறியது அதன் பிறகுதான். “ஈரத் துணி மேல படவே கூடாது, எல்லாத்தையும் வெயில்ல போட்டு எடுங்க” என்றார் டாக்டர். கொடைக்கானல் ஐப்பசியில் வெயில்! நாளெல்லாம் பனி, பத்து மணியிலிருந்து பதினொன்று வரை ஒரு துண்டு வெயில் விழும். அதுவும் சலாம் வீட்டில் விழாது. பக்கத்து வீட்டு வள்ளியின் முற்றத்தில், அவள் துணிக்கொடி கட்டியிருந்த இடத்தில் விழும். வள்ளிக்கும் மரியத்துக்கும் அப்போது இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இவர்கள் வீட்டுக் கழிவுத் தண்ணீர் அவள் கொத்தமல்லிப் பாத்தியில் பாய்ந்ததில் ஆரம்பித்த பகை.

குழந்தையோடு வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு வள்ளி தன் கொடியிலிருந்த துணிகளை, ஈரம் காயாமலேயே, ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கொண்டுபோனாள். இடைவேலியில் இருந்த படலைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மரியம் பீவியும் ஒரு வார்த்தை பேசாமல் குழந்தைத் துணிகளைக் கொண்டுபோய் அந்தக் கொடியில் போட்டார். ஏழு மாதம் இது நடந்தது. வள்ளி வீட்டில் ஏழு மாதமும் ஈரத் துணிதான் உடுத்தினார்கள்.

சலாம் 41க்கு நேராகத் தட்டினார்: ‘மரியம் பீவி எதிர் வள்ளி, 2009, கீழமை நீதிமன்றம், அறிக்கையிடப்படாத தீர்ப்பு. குழந்தை இருக்கும் வீட்டுக்கே வெயில் முதலில்.’

அறிக்கையிடப்படாத தீர்ப்பு என்றால் புத்தகத்தில் வராத தீர்ப்பு. எங்கே தேடியும் கிடைக்காததற்குச் சட்டத்திலேயே இப்படி ஒரு கௌரவமான பெயர் இருப்பதை ஐந்து வருடத் தட்டச்சில் அவர் கற்றிருந்தார். ஏதோ வள்ளிக்கு நன்றி சொல்லிவிட்டது போல அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. கோகுல்ராஜ் எண்பத்திரண்டு மதிப்பெண் வாங்கினான்.

அடுத்த வருடம் வேறொரு மாணவன் வசதியுரிமை பற்றி எழுதி வந்தான். தட்டிக்கொண்டே போன சலாம் அடிக்குறிப்பில் தன் மனைவியின் பெயரைப் பார்த்து, சந்தையில் தற்செயலாக அவரைப் பார்த்தவர் போல வெட்கப்பட்டார். அதற்கடுத்த வருடம் இரண்டு பேர். நான்காம் வருடம் ஒரு மாணவி ‘இத்தீர்ப்பின் காரண விளக்கம் போதுமானதல்ல’ என்று எழுதினாள். சலாம் அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஒருவன் வழக்கின் பின்னணியை அரைப் பக்கம் விவரித்திருந்தான். அதில் மரியம் பீவி விதவை. அதை மட்டும் சலாம் நீக்கினார். மூன்று வருடங்களுக்கு முன்னால் பள்ளியின் இயக்குநர் டாக்டர் ஜெயமுருகன் அவர்களே பள்ளியின் ஆய்விதழில் பதினெட்டுப் பக்கம் எழுதி, அதற்குக் ‘குழந்தை வெயில் கோட்பாடு’ என்று பெயர் சூட்டினார். பதினான்கு வருடத்தில் பதினேழு ஆய்வேடு, ஓர் ஆய்விதழ்க் கட்டுரை. சில உண்மையான தீர்ப்புகளுக்கே இந்த யோகம் வாய்ப்பதில்லை.

தீர்ப்பைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றிய முதல் ஆள் சௌம்யா. மன்னவனூரில் கேரட் போடுகிறவரின் மகள், இறுதியாண்டு. டெல்லியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதிலிருந்தும் ஆறு மாணவர்களை ஒரு வருடம் ஆய்வுக்கு எடுக்கிறது. கடைசித் தேதி முடியும் முன்பே மலைக்கு வந்து சேர்ந்த அபூர்வ அறிவிப்பு அது. சௌம்யா ‘மூடுபனி ஊர்களில் வெயிலுக்கு யார் சொந்தம்’ என்று கட்டுரை எழுதினாள். முதல் சுற்றில் தேறியும் விட்டாள். அந்தச் சட்டப் பள்ளியிலிருந்து அவ்வளவு தூரம் யாரும் போனதில்லை. முழுக் கட்டுரையை வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் இயக்குநரின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். ஒரு நிபந்தனை: அறிக்கையிடப்படாத தீர்ப்பு எதையாவது காட்டியிருந்தால் நீதிமன்ற முத்திரையிட்ட நகலை இணைக்க வேண்டும். கட்டுரையின் நடுத்தூணே மரியம் பீவி எதிர் வள்ளிதான்.

திங்கட்கிழமை காலை அவள் கடைக்கு வந்து கோகுல்ராஜின் பழைய ஆய்வேட்டை மேசையில் வைத்தாள்.

“பாய், இந்தக் கேஸத் தேடி மூணு ரெக்கார்டு ரூம் ஏறி எறங்கிட்டேன். எங்கயுமே இல்ல. இதுலதான் மொத மொத வருது. நீங்கதான தட்டச்சு பண்ணீங்க, கோகுல்ராஜ் சார் இத எங்கருந்து எடுத்தாருன்னு ஞாபகமிருக்கா?”

“அவரக் கேட்டியாம்மா?” என்றார் சலாம்.

“மதுரைக்கு போன் போட்டேன். ‘நல்லா ஞாபகமிருக்கு, அருமையான தீர்ப்பு, முழுசாப் படிச்சிருக்கேன்’னாரு. எங்க படிச்சாருன்னு மட்டும் சொல்லத் தெரியல. வெள்ளிக்குள்ள நகல் இல்லேன்னா எங்கட்டுரைய எடுத்துக்க மாட்டாங்க, பாய். கேஸு பொய்யின்னு அவங்களாக் கண்டுபிடிச்சா அதவிட அசிங்கம். போலி கேஸ் போட்டவன்னு எம்பேரே கெட்டுரும்.”

“பாக்குறேம்மா” என்றார் சலாம். அவள் நம்பிக்கையோடு போனாள்.

செவ்வாய் காலை முழுக்க அவர் ஜெராக்ஸ் மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நடந்தார். உண்மையைச் சொன்னால் அவளுடைய கட்டுரை சாயும். கடையும் போகும், ஏனென்றால் கடை வைத்துக்கொள்ளும் அனுமதியை வருடாவருடம் புதுப்பித்துக் கொடுப்பவர் கோட்பாட்டுக்குப் பெயர் சூட்டிய அதே ஜெயமுருகன். சொல்லாவிட்டால் டெல்லியில் அந்தப் பெண் மானம் போய் நிற்பாள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அது பதினோரு மணிக்கு அவருக்குத் தோன்றியது. தீர்ப்பு இல்லை என்பதுதானே பிரச்சினை? அதையும் எழுதிவிட்டால்?

பத்தொன்பது வருடம் தீர்ப்புகளாகவே தட்டிய கை. வாதி, பிரதிவாதி, வழக்கின் சுருக்கம், எழுவினாக்கள் என்று தானாக ஓடியது. ‘வெளிச்சத்தின் மேல் வசதியுரிமை பெற இருபது வருடத் தொடர் அனுபவம் வேண்டும் என்பது சட்டம். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு இருபது வருடம் காத்திருக்க அவகாசமில்லை என்று இந்நீதிமன்றம் கருதுகிறது.’ ஆறாவது பத்தியை எழுதும்போது நீதிபதிக்கே கண் கலங்கியது. முத்திரைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மரியம் பீவி சாப்பாட்டுத் தூக்குடன் வந்து நின்றார்.

“இதென்ன, எம்பேரு கெடக்கு?”

“ஒண்ணுமில்ல. பழைய சோலி.”

“வாதின்னு போட்டிருக்கு. வாதின்னா யாரு, குத்தம் செஞ்சவளா?”

“சே. கேஸு போட்டவங்க.”

“நா யாரு மேல போட்டேன்?”

மரியம் பீவி குனிந்து அடுத்த வரியைப் படித்தார். நிமிர்ந்தார். தூக்கைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். சட்டப் பள்ளி வளைவின் ஓரத்தில்தான் வள்ளி தள்ளுவண்டியில் வேகவைத்த மக்காச்சோளம் விற்றுக்கொண்டிருந்தாள்.

“வள்ளிக்கா! வெரசா வாங்க! உங்க மேல நா கேஸு போட்டு செயிச்சிருக்கேனாம். பதினாலு வருசமாச்சாம், நமக்குத்தான் தெரியல!”

வள்ளி கையில் இடுக்கியோடு வந்தாள். “எத்தன மாசம் உள்ள போட்ருக்கு? வண்டிய யாரு பாத்துக்குவா?”

சலாம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. கடைசியில், கொஞ்சம் பெருமை கலந்த பயத்தோடு, தீர்ப்பையும் படித்துக் காட்டினார். மரியம் பீவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வள்ளி சிரிக்கவில்லை.

“அண்ணே, அப்ப நாந்தான் தோத்தவளா?”

“தோத்தீங்கன்னு இல்ல வள்ளி, தீர்ப்புன்னா ஒருபக்கம்...”

“கோர்ட்டு சொல்லித்தான் கொடிய விட்டேன்னு போட்டிருக்கீங்க. எந்தக் கோர்ட்டு வந்து சொல்லுச்சு? எங்க வீட்டு வெயிலு. நானாத்தான குடுத்தேன்?” அவள் குரல் தணிந்தது. “பதினாலு வருசமா இங்க படிக்கிற பிள்ளைக எங்கிட்டதான் சோளம் வாங்கித் திங்குதுக. நா எவளோ ஒருத்திக்கு வெயிலத் தரமாட்டேன்னு மல்லுக்கட்டித் தோத்தவன்னுதான அம்புட்டும் படிச்சிருக்கு?”

சலாம் நன்றி என்று நினைத்து எழுதியது அது. அதை இந்தப் பக்கமிருந்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

“நன்றி சொல்லணும்னா வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல? அதுக்குப் போயி நாப்பத்தொண்ணாம் நம்பரு!” என்றார் மரியம் பீவி.

“நீ சொன்னியா?” என்றார் சலாம்.

இத்தனை வருடத்தில் மரியம் பீவியும் சொன்னதில்லை. படல் கழன்றது கழன்றதுதான். குழம்புக் கிண்ணம் இங்கும் அங்கும் போய்வந்தது. பகை எப்போது முடிந்தது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவர் வள்ளியின் கையிலிருந்த இடுக்கியை வாங்கி மேசையில் வைத்தார். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அந்தப் புள்ள இத நம்பித்தான் டெல்லிக்கு எழுதுதா?” என்று பிறகு கேட்டார் மரியம் பீவி.

“ஆமா.”

“அப்ப இன்னும் என்னத்தத் தட்டிக்கிட்டு? போயிச் சொல்லுங்க.”

“சொன்னா கட போயிரும், மரியம்.”

“போகட்டும். வள்ளிக்கா பக்கத்துல நானும் ஒரு வண்டி போட்டுக்கிறேன்.”

“அது எங்க எடம்” என்றாள் வள்ளி. “அதுக்கும் ஒரு கேஸப் போட்றாத.”

சலாம் திரையிலிருந்த தீர்ப்பை முழுவதும் அழித்தார். அவர் எழுதியதிலேயே நல்ல தீர்ப்பு அது.

நூலகத்தில் சௌம்யா ஒரு மூலையில் இருந்தாள். சலாம் நின்றபடியே சொன்னார். அவள் அழுதிருந்தால் அவருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அழவில்லை.

“பாய், எங்கப்பா கேரட்டு லாரியில வெள்ளனே ஏறி ரெக்கார்டு ரூம் ரெக்கார்டு ரூமா போயிருக்கேன். ஒரு வாரம் தூசியில தும்மிக்கிட்டுக் கெடந்தேன். உங்க வீட்டுக்காரம்மா பேரையா தேடுனேன்?”

“பதினாலு வருசத்துல தேடிப்போன மொத ஆளு நீதாம்மா.”

“ஆறுதலுக்குச் சொல்றீங்களா?”

“இல்லம்மா. உண்மையச் சொன்னேன்.”

“அத திங்கக்கெழமையே சொல்லிருக்கலாம்” என்று அவள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

புதன் முழுக்க அவளைக் காணவில்லை. வியாழன் காலை மழையில் அவள் வள்ளியின் வண்டியருகே, நோட்டுப் புத்தகத்தைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சலாம் கடையிலிருந்து பார்த்தார். மதியம் மரியம் பீவியிடம் போனாள். அவர்கள் குடியிருக்கும் கீழ்த்தெருவில் பதினோரு வீடு ஏறி இறங்கினாள். மாலை நான்கு மணிக்குக் கடைக்குள் வந்து, சலாமை எழச் சொல்லி, கம்ப்யூட்டரின் முன் தானே உட்கார்ந்தாள்.

“கேஸு பொய்யி. ஆனா வெயிலு குடுத்தது நெசம், பாய். அந்தத் தெருவுல மட்டும் நாலு வீட்டுல இப்படி நடந்திருக்கு. ஒரு வீட்டுல வயசானவருக்கு மூட்டுவலின்னு பக்கத்து வீட்டுக்காரங்க மரத்தையே வெட்டிருக்காங்க. தீர்ப்பத் தூக்கிட்டு நடந்தத எழுதப்போறேன். தீர்ப்பு எப்படி வந்துச்சுன்னும் எழுதுவேன். உங்க பேரு வரும்.”

“வரட்டும்மா.”

“ஜெயமுருகன் சார் பேரும் வரும். அவருதான் கையெழுத்தும் போடணும்.”

சலாம் அவளுக்காகப் புதுத் தாள் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்தார்.

விஷயம் அதற்குள் உள்ளே எட்டிவிட்டது. மூன்று பேராசிரியர்கள் கொண்ட விசாரணைக் குழு வெள்ளிக்கிழமை காலையே கூடியது. இல்லாத வழக்கை உருவாக்கியவர் மேல் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தொடங்கிய குழு, அந்தப் பதினேழு ஆய்வேடுகளையும் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டவர்கள் தாங்கள் மூவருமே என்று தேநீர் இடைவேளையில் தெரிந்துகொண்டது. அதன்பின் விவாதம் மிகவும் கனிவான முறையில் நடந்தது. தொழில்நுட்பப் பிழை என்று முடிவாயிற்று. சௌம்யாவின் கட்டுரை மட்டும் இயக்குநர் மேசையில் கிடந்தது. மதியம் இரண்டு, மூன்று, மூன்றரை. சௌம்யா அவர் அறை வாசலில் நின்றாள். இன்னும் ஒன்றரை மணி நேரம்.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் ஜெயமுருகன் கதவைத் திறந்து, அவளைப் பார்க்காமல் கடந்து, கட்டுரைத் தாள்களைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, குடைகூட இல்லாமல் மழையில் இறங்கி, சாலையைத் தாண்டி அல்மாஸ் ஜெராக்ஸுக்குள் நுழைந்தார். சௌம்யா பின்னாலேயே ஓடினாள். சலாம் எழுந்து நின்றார்.

“சலாம், வேற எங்கயாச்சும் இப்படி நெரப்பியிருக்கீங்களா?”

“பிரிவு நம்பர், வருசம் போட்டிருக்கேன் சார். அதெல்லாம் புத்தகத்தப் பாத்து. பொய்யின்னு போட்டது இது ஒண்ணுதான்.”

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தார். பதினெட்டுப் பக்கம் எழுதிய மனிதர். அந்தக் கட்டுரைக்காகப் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்திருந்தது. “நா அத எழுதுறப்ப,” என்றார், “அந்தக் குழந்தைய நெனச்சுப் பாத்தேன். பிழைச்சிச்சா இல்லியான்னு. கோட்பாட்டுல அதுக்கு எடமில்ல, விட்டுட்டேன். பிழைச்சிச்சா?”

சலாம் தலைக்கு மேலே இருந்த கடைப் பலகையைக் காட்டினார். “பத்தாவது படிக்கிறா சார். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா.”

ஜெயமுருகன் பலகையைப் படித்தார். இத்தனை வருடம் நகல் எடுத்த கடையின் பெயரை அன்றுதான் படிப்பவர் போல நிதானமாகப் படித்தார். பிறகு மேசையில் கிடந்த சலாமின் பேனாவை எடுத்து, தன் பதினெட்டுப் பக்கத்தையும் ரத்து செய்யும் கட்டுரையின் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

“இனிமே தட்டச்சு வேணாம், சலாம். ஜெராக்ஸ் மட்டும் எடுங்க.”

“சரிங்க சார்.”

சௌம்யா நாலரைக்குக் கட்டுரையை அனுப்பினாள். இயக்குநரின் கேடயம் அடுத்த வாரம் அவர் அலமாரியில் காணப்படவில்லை. அதைப் பற்றி யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை.

இருபது நாள் கழித்து டெல்லியிலிருந்து இணையவழி நேர்காணல் வைத்தார்கள். விடுதியில் மழைக்கு இணையம் படுத்துவிட்டதால் அது சலாமின் கடையில் நடந்தது. திரையில் மூன்று பேர். கடைக்குள் சௌம்யா, கேமராவுக்குள் வராத ஓரத்தில் இரண்டு ஸ்டூலில் மரியம் பீவியும் வள்ளியும், மிஷினுக்குப் பின்னால், தும்மலை அடக்கிக்கொண்டு சலாம். அரைமணி நேரம் கேள்வி கேட்ட பிறகு நடுவிலிருந்த அம்மையார் அந்த வள்ளியிடம் ஒரு கேள்வி கேட்க முடியுமா என்றார். வள்ளி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கேமராவுக்கு முன் வந்தாள். சௌம்யா கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

“அக்கா, அன்னிக்கு மரியம்மா உங்ககிட்ட வந்து, ‘எங்க வீட்டுல கொழந்த இருக்கு, எனக்கு அந்த வெயில்ல உரிமை இருக்கு’ன்னு கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்கன்னு கேக்குறாங்க.”

வள்ளி யோசிக்கவே இல்லை. “குடுத்திருக்க மாட்டேன்.”

“தெரியும்” என்றார் மரியம் பீவி ஓரத்திலிருந்து. “அதான் கேக்கல.”

சௌம்யா சற்று நேரம் எடுத்துக்கொண்டு இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னாள். டெல்லியில் மூன்று பேரும் குனிந்து எழுதினார்கள். நீண்ட நேரம் எழுதினார்கள்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. ஆறு பேரில் சௌம்யா ஒருத்தி. ஜூலையில் போய்ச் சேர வேண்டும். அவள் போனில் வந்ததைச் சலாம் அச்செடுத்தார். தன் வேலைக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். அவள் அதை வள்ளியின் வண்டிக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். வள்ளி இருப்பதிலேயே முற்றாத கதிராகப் பார்த்து எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தேய்த்து அவள் கையில் கொடுத்தாள்.

“டெல்லியில வெயிலு சாஸ்தியாம்ல?”

“கொளுத்துமாம்க்கா.”

“அப்ப அங்க ஒருத்தருக்கொருத்தர் என்னத்தக் குடுத்துக்குவாங்க?”

சௌம்யா கதிரைக் கடித்தபடி யோசித்தாள். “நெழலு குடுப்பாங்களோ என்னமோ. போயிப் பாத்துட்டுச் சொல்றேன்க்கா.”